மச்சான் குடுத்த பம்ப் போதுமா?

கேள்வி: சார், நானும் ஒரு ஃப்ரெண்டும் சேர்ந்து பழவேற்காட்டுல 18 அடி பழைய ஃபைபர் போட் ஒண்ணு வாங்கியிருக்கோம், ஞாயித்துக்கிழமை தூண்டில் போடத்தான். அமெரிக்காவுல மினசோட்டால இருக்குற என் மச்சான் லீவுக்கு வந்தப்ப, அவரு வாத்து வேட்டைக்குப் போற சின்ன அலுமினிய போட்ல வச்சிருக்குற மாதிரியே ஒரு 12 வோல்ட் பில்ஜ் பம்ப், அதான் போட்டுக்குள்ள சேருற தண்ணிய வெளிய தள்ளுற பம்ப், குடுத்துட்டுப் போனாரு. 500 ஜிபிஎச்னு போட்டிருக்கு. அவசரத்துக்கு இது போதுமா, பெருசா வாங்கணுமா? - வாசகர், பெரம்பூர்

பதில்: மச்சான் மேல தப்பு இல்லங்க, அவரு போற தண்ணி வேற. அங்க ஏரி, நாணல் காடு, முழங்கால் தண்ணி. போதாக்குறைக்கு அந்த ஊர்ல 20 அடிக்குக் குறைஞ்ச மோட்டார் போட்னா தண்ணி ரொம்பினாலும் மிதக்குற மாதிரித்தான் செஞ்சு விக்கணும்னு சட்டமே இருக்கு, பெரும்பாலும் அதுக்கு உள்ள ஃபோம் வச்சிருப்பாங்க. உங்க பழைய போட்ல அது இருக்கான்னு முதல்ல பாருங்க, பம்ப் கதை அப்புறம்.

500 ஜிபிஎச்னா மணிக்கு 500 கேலன், நம்ம கணக்குல 1,900 லிட்டர் பக்கம், நிமிஷத்துக்கு 31 லிட்டர். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஹோஸைத் தூக்காம, பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது ஃபேக்டரில அளந்த நம்பர், விளிம்பு வரைக்கும் தண்ணிய ஏத்தி வெளிய தள்ளணும்னா சட்டுனு கொறஞ்சிடும். இன்னொரு பக்கம் பாருங்க, தண்ணி மட்டத்துக்கு ஒரு அடி கீழ ஒரு இன்ச் ஓட்டை விழுந்தா நிமிஷத்துக்கு 40 லிட்டருக்குக் குறையாம உள்ள வரும். வர்றது 40, போறது 31க்கும் கம்மி. அதனால அலை தெறிச்ச தண்ணி, மழைத் தண்ணிக்கு இது போதும், ஓட்டைக்கு ஆகாது.

நான் சொல்றது 1100 ஜிபிஎச். விலையில பெரிய வித்தியாசம் வராது, 4 ஆம்பியர் பக்கம்தான் இழுக்கும். 2000க்குப் போகாதீங்க, அதுக்குத் தீனி போடுற பேட்டரிய நீங்க தூக்கிட்டு அலைய முடியாது.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற சின்ன இன்ஜினா இருந்தா போட்ல பேட்டரியே இருக்காது, நிறைய பேரு பம்ப் வாங்கிட்டு வந்து அப்புறம்தான் முழிப்பாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குற யுபிஎஸ் பேட்டரி, 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும்னு சொல்ற அளவு), அதை மூடி டைட்டா இருக்குற ஒரு பிளாஸ்டிக் டப்பால வச்சு, ஒயரை ஓட்டை வழியா வெளிய எடுத்து சிலிகான் அடைச்சு, பாசிட்டிவ் ஒயர்ல ஃபியூஸ் போட்டுடுங்க. 1100 பம்ப் இதுல ஒரு மணி நேரம் ஓடும். பம்பை போட்ல திருகி வைக்காம ஒரு மரத்துண்டுல அடிச்சு வச்சா தண்ணி எந்தப் பக்கம் சேருதோ அங்க தூக்கிப் போடலாம். ஹோஸ் உள்பக்கம் வழவழன்னு இருக்கணும், மடிப்பு மடிப்பா வர்ற சீப்பான ஹோஸ் போட்டா ஃப்ளோ அடிவாங்கும்.

பம்ப் ஒயரை பேட்டரில கிளிப் போட்டு மாட்டுற வேலை வேணாம். நானும் முதல்ல முதலைவாய் கிளிப்தான் வச்சிருந்தேன், ஒரு நாள் முகத்துவாரத்துல அலை உடைஞ்சு உள்ள விழ, கிளிப்பைத் தொறந்தா பல்லு பூரா பச்சைப் பூத்து நிக்குது, மாட்டினா பம்ப் ஒரு உறுமல் உறுமிட்டு அப்படியே படுத்துடுச்சு. அன்னிக்கு எங்களைக் கரை சேர்த்தது பெயின்ட் பக்கெட்டு. பயத்துல ஒருத்தன் எறைக்குற வேகம் எந்த பம்புக்கும் வராது, அதனால கயிறு கட்டின பக்கெட்டு ரெண்டு போட்லயே கிடக்கணும். ஒயர் ஜாயின்டெல்லாம் உள்ள பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினா சுருங்கி இறுக்குற ட்யூப்) போட்டு மூடிடுங்க, நம்ம உப்புக் காத்து வெறும் டேப்பையெல்லாம் மதிக்காது.

வாங்கினதும் வீட்டு மொட்டை மாடியில ஒரு டிரம்முல தண்ணி ரொப்பி, பம்பை உள்ள இறக்கி, ஹோஸ் நுனிய உங்க போட் விளிம்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடிச்சு, 20 லிட்டர் பக்கெட்டு ரொம்ப எத்தனை செகண்டுன்னு போன்ல பாருங்க. 30 செகண்டுக்குள்ள ரொம்பிச்சுன்னா சரி. 45 ஆச்சுன்னா ஒயர் மெலிசு இல்ல ஹோஸ் மடங்கியிருக்கு. மச்சான் பம்பையும் இதே மாதிரி அளந்துட்டு ஸ்பேரா வச்சுக்கோங்க. கடல்ல போறப்ப பம்ப் அடியில இருக்குற ஜல்லடையக் கழட்டி அப்பப்ப பாக்கணும், அவருக்கு நாணல் இலை அடைக்கும், நமக்கு செதிலும் வலை நூலும் பால் கவரும்.

கேள்வி: தண்ணி ஏறினா தானா ஓடுற ஃப்ளோட் ஸ்விட்ச் வேணுமா? - அதே வாசகர்

பதில்: போட்டைக் கரையில ஏத்தி வச்சா வேணாம், அடி பிளக்கைக் கழட்டி விட்டாலே போதும், ஆனா திரும்ப இறக்குறப்ப மாட்ட மறந்துடாதீங்க, மறந்தவங்க கதை நிறைய இருக்கு. தண்ணியிலயே கட்டி வச்சா கண்டிப்பா வேணும். ஐப்பசி கார்த்திகையில ஒரே ராத்திரி 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா உங்க 18 அடி போட்ல சுமார் 700 லிட்டர் சேரும். அதுக்கு அந்த 7 ஏஎச் பேட்டரிய நம்பாதீங்க, பெரிய பேட்டரி வேணும், ஸ்விட்சையும் நேரா பேட்டரியில இருந்தே எடுங்க, மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்கு வந்துட்டாலும் அது ஓடணும்.