முழங்கைக் காப்பைக் கழற்றச் சொன்ன நடுவர்: கடையில் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான், பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் இருக்கிறான். பயிற்சியில் விழுந்து முழங்கையில் அடிபட்டதால், பிளாஸ்டிக் மூடி வைத்த முழங்கைக் காப்பும் நீல நிறப் பல் காப்பும் வாங்கிக் கொடுத்தோம். ஆட்டத்துக்கு முன் நடுவர் இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டார். கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஈசூன் வாசகி

பதில்: நடுவர் செய்தது சரிதான். ஃபிபா எனப்படும் அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி விரல், மணிக்கட்டு, முன்கை, முழங்கை ஆகிய இடங்களில் தோல், பிளாஸ்டிக், உலோகம் போன்றவற்றால் ஆன காப்பு கூடாது. மேலே மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும் கூடாது. கூடையடியில் நான்கு பேர் ஒன்றாக எம்பும்போது, வீசுகிற முழங்கை பக்கத்துப் பிள்ளையின் முகத்தில்தான் போய்ப் படும். உங்கள் மகனைக் காக்கிற அந்த மூடி இன்னொரு பிள்ளையின் புருவத்தைக் கிழித்துவிடக்கூடாது அல்லவா? பல் காப்பு அணியலாம், ஆனால் அது நிறமற்று, கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, பணம்? சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம் குறையுள்ள பொருளுக்குத்தான் கைகொடுக்கும். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். உங்கள் காப்பில் குறை எதுவும் இல்லை, ஆட்டத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். அதனால் மாற்றித் தருவது பெரும்பாலும் கடைக்காரர் மனத்தைப் பொறுத்தது.

ஆனால் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். "பள்ளிப் போட்டிக்கு வேண்டும்" என்று நீங்கள் கேட்டு, விற்பனையாளர் "தாராளமாகப் போடலாம்" என்று சொல்லி விற்றாரா? அப்படியென்றால் கதையே வேறு. நாம் சொன்ன தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும், தவறான உறுதி கொடுத்து விற்பதும் முறையல்ல. ரசீதுடன் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 'கேஸ்' எனும் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் கொடுத்த பல் காப்பை மட்டும் மறந்துவிடுங்கள். வாயில் வைத்ததை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

அடுத்து வாங்குவதற்கு: கை, கால் இறுக்க உறைகள், முட்டிக் காப்பு, கணுக்கால் காப்பு எல்லாம் அனுமதி உள்ளவை. தொடை, தோள்பட்டைக் காப்புகளில் போதிய மெத்தை இருக்க வேண்டும். மூக்கில் அடிபட்டிருந்தால் கெட்டியான முகக் காப்புகூட அணியலாம். மூக்குக் கண்ணாடி மற்றவர்களுக்கு ஆபத்தில்லாததாக இருந்தால் போதும். சாதாரணக் கண்ணாடியை நம்பாமல், உடையாத வில்லையும் பின்பட்டையும் உள்ள விளையாட்டுக் கண்ணாடியாக வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

உறை வாங்கும் முன் பயிற்றுநரிடம் நிறத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் உறை, தலைப்பட்டை, மணிக்கட்டுப் பட்டை அணிகிற எல்லாருக்கும் அவை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் கறுப்பு போட்டிருக்க, இவன் மட்டும் சிவப்பில் போய் நின்றால் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.