புது காரை முதல் நாளே மலையேற்றலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கோவையில் கார் புக் செய்திருக்கிறோம். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். டெலிவரி எடுத்த அன்றே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 'இப்போ வர்ற இன்ஜினுக்கு ரன்னிங் இன் எல்லாம் கிடையாது மேடம், தாராளமா ஓட்டுங்க' என்கிறார்கள் ஷோரூமில். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிய என் மாமனாரோ, 'ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்வரை மலையேற்றக் கூடாது, 40க்கு மேல் போகக் கூடாது, 500ல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்' என்கிறார். வீடே மலையில் இருக்கும்போது நாங்கள் என்ன செய்வது?"

தாராளமாக மலையேற்றிக் கொண்டுவாருங்கள். ஆனால் ரன்னிங் இன், அதாவது புது இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பதமாக ஓட்டிப் பழக்குவது, தேவையே இல்லை என்பதும் சரியில்லை. வண்டியோடு தரும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். மாருதியின் கையேடுகள் முதல் 960 கி.மீ. வரை (600 மைல் கணக்கு அது) கவனமாக ஓட்டச் சொல்கின்றன. ஹூண்டாயின் கையேடுகள் தனியாக ரன்னிங் இன் காலம் தேவையில்லை என்று தொடங்கிவிட்டு, முதல் 1000 கி.மீ.க்கு இன்ஜினை முறுக்காதீர்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கின்றன. பெயர் எதுவானாலும் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கவனம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள்.

சிலிண்டரின் உட்சுவர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழைக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி உரசி, அதன் வடிவத்துக்கு ஏற்பப் படிய வேண்டும். சரியாகப் படிந்தால் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது. உங்கள் மாமனார் ஜீப் ஓட்டிய காலத்தில் இந்தச் சுவர் இவ்வளவு நேர்த்தியாக வராது. உரசி உதிரும் உலோகத் துகள் ஆயிலில் நிறையச் சேரும், அதனால் 500ல் ஆயில் மாற்றினார்கள். அவர் சொல்வது அந்த வண்டிகளுக்கு முழுக்கச் சரி. இன்று சுவரின் மேடுகளைத் தொழிற்சாலையிலேயே மழித்து அனுப்புவதால், ரிங்குக்கு மிச்சமிருக்கும் வேலை குறைவு.

குறைவுதானே தவிர இல்லாமல் போகவில்லை. அந்த மிச்ச வேலை நடக்க இன்ஜினுக்குக் கொஞ்சம் பளு வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து, அதைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கிறது. 40ஐத் தாண்டாமல் தடவித் தடவி ஓட்டினால் இந்த நெருக்கம் கிடைக்காது. மலைப்பாதையில் அது இயல்பாகவே கிடைக்கும். வளைவுக்கு வளைவு வேகம் மாறுகிறது, கியர் மாறுகிறது, பளு ஏறி இறங்குகிறது. நான்குவழிச் சாலையில் 80ல் வைத்து அவிநாசியிலிருந்து சேலம் வரை ஒரே சீராகப் போவதைவிட, புது இன்ஜினுக்கு மேட்டுப்பாளையம் - கோத்தகிரி சாலை நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

ஏறும்போது கெடுதல் வருவது எதனால் என்றால், மேல் கியரில் திணறவிடுவதால். புது வண்டி ஆயிற்றே, சத்தம் வரக் கூடாது என்று நினைத்து ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளை) குறைவாக வைப்பார்கள். குஞ்சப்பனை தாண்டி ஏற்றம் பிடித்த பிறகும் மூன்றாவது கியரிலேயே இருப்பார்கள். ஆர்பிஎம் முள் 1300க்கு வந்துவிடும், ஆக்சிலரேட்டர் முக்கால்வாசி அமுங்கியிருக்கும், வண்டி வேகம் பிடிக்காது. ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரியும், கூர்ந்து கேட்டால் இன்ஜினிலிருந்து உலோகத்தைத் தட்டுவது போன்ற சத்தம் வரும். அந்த நேரத்தில் பேரிங்கிலும் பிஸ்டனிலும் விழுகிற அடி, செகண்ட் கியரில் 3000ல் முழங்கிக்கொண்டு ஏறும்போது விழாது. மாருதி கையேட்டின் ரன்னிங் இன் பகுதியிலேயே, மேல் கியரில் மெதுவாக ஓட்டாதீர்கள் என்று தனியாக ஒரு வரி உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆகவே கியரைத் தயங்காமல் இறக்குங்கள். 2000க்கும் 3500க்கும் நடுவில் முள் ஆடட்டும், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு 4000ஐத் தொட வேண்டாம். முன்னால் போகிற லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கவும் வேண்டாம், அகலமான இடம் வரும்வரை பின்னாலேயே போகலாம்.

இன்னொன்று, உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத இன்ஜின் என்றால், அது ஊட்டி உயரத்தில், அதாவது சுமார் 2240 மீட்டரில், தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். வண்டியில் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம், இன்னும் ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

டெலிவரி நாளன்று எப்படி வருவது? காலையிலேயே எடுத்துவிடுங்கள். துடியலூர், காரமடை நெரிசலில் நின்று நின்று வந்து மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும், ஏற்றத்துக்கு அதுவே வசதி. வனபத்ரகாளியம்மன் கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்க மொத்தக் குடும்பமும் வரும்தான். திரும்பும்போது பாதிப் பேரை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மூன்று பேரோடு ஏறுங்கள். முடிந்தால் மே மாத சீசனில் டெலிவரி எடுக்காதீர்கள். ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அரை கிளட்ச்சில் தாங்கி நிற்பதுதான் மலையில் புது வண்டிக்கு நடக்கிற பெரிய அநியாயம். இன்ஜினாவது தாங்கும், கிளட்ச் பிளேட் கருகிவிடும். நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள்.

புது டயரும் புது பிரேக்கும்கூட முதல் 300 கி.மீ. வரை முழுப் பிடிப்புக்கு வராது. மூடுபனியிலும் ஈரத்திலும் கொண்டை ஊசி வளைவுகளில் இதை நினைவில் வையுங்கள். இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. பிரேக்கிலேயே காலை வைத்துத் தேய்த்துக்கொண்டு இறங்கினால் பிரேக் பேடுகள் சீராகப் படியாமல் பிறகு அதிர்வு கொடுக்கும்.

எனக்கு உண்மையில் கவலை, வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் ஓட்டப்போகும் விதத்தைப் பற்றித்தான். குளிர்காலக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, சூடாகட்டும் என்று பத்து நிமிடம் நிற்க விடுவது நம் மலை ஊர்களில் வழக்கம். குளிர்ந்த இன்ஜின் கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ரிங்குகள் படிய வேண்டிய காலத்தில் இது நடக்கவே கூடாது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், உறைபனி விழுந்த நாளில் ஒரு நிமிடம் போதும். அப்புறம் கிளம்பி முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். அதேபோல் வீட்டிலிருந்து பஜார், பஜாரிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டமாகவே மாதம் முழுக்க ஓடினால் ஆயில் ஒருநாளும் முழுச் சூட்டுக்கு வராது, அதில் சேர்ந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகவும் வழியில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது கோடநாடு வரையோ ஊட்டி வரையோ நிறுத்தாமல் ஓட்டி வாருங்கள்.

500ல் ஆயில் மாற்றத் தேவையில்லை. முதல் சர்வீஸ் பெரும்பாலும் 1000 கி.மீ. அல்லது ஒரு மாதத்தில் வரும், அதிலும் பல நிறுவனங்கள் சோதனை மட்டுமே செய்கின்றன. கையேடு சொல்லும் கெடுவில் மாற்றினால் போதும். கையேடு சொல்லாத கெட்டி ஆயிலை யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள்.

மாற்றாவிட்டாலும் அளவைப் பார்க்க வேண்டும். ரிங் படியும் காலத்தில் கொஞ்சம் ஆயில் குறைவது சகஜம். ஆனால் சரிவான வாசலில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் தப்பான அளவுதான் காட்டும், மலையில் பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்ரோல் பங்க் மாதிரி சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் ஆயில் பூச்சு நின்றால் போதும். 300, 600, 1000 கி.மீ.யில் ஒவ்வொரு முறை பார்த்து எழுதி வையுங்கள். ஆயிரத்துக்குள் கீழ்க்குறிக்கும் கீழே போனாலோ, சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ, அந்தக் குறிப்போடு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஜாப் கார்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் வாரண்டி கேட்கும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.