வீட்டுப் பட்டறைக்கு முதலில் எதை வாங்குவது? பேட்டரி டிரில்லா, வயர் டிரில்லா?

கேள்வி கேட்ட தம்பி கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில் (கொட்டகையில்) ஓர் ஓரத்தை ஒதுக்கிச் சின்னதாய் மரவேலைப் பட்டறை போடப்போகிறாராம். கையில் 15,000 ரூபாய். ஆன்லைனில் நூற்றுச் சொச்சம் சாமான் அடங்கிய டூல் கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, டிரில் எது நல்லது, தாத்தா விட்டுப்போன துருப்பிடித்த உளிகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

நான் ஆசாரி இல்லை. களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிற ஆபீஸில் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையில் கிடப்பேன். அந்த அளவில் சொல்கிறேன்.

அந்தக் கிட்டை வாங்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் சாக்கெட்டும் ஸ்க்ரூ பிட்டும்தான் இருக்கும். மெக்கானிக்குக்கு ஆகும், மரவேலைக்கு ஆகாது. பிட் எல்லாம் மெத்தென்ற இரும்பு. காய்ந்த அயினி மரத்தில் நாலு ஸ்க்ரூ ஏற்றினால் முனை மழுங்கிவிடும். எண்ணிக்கையைக் காட்டி விற்கிற எதையும் நான் சந்தேகப்படுவேன்.

புதிதாய் ஆரம்பிக்கிற எல்லாருக்கும் வெட்டுகிற சாமான்மேல்தான் கண். மரத்தை அசையாமல் பிடிக்கிற சாமானுக்கும் தீட்டுகிற கல்லுக்கும் முதலில் காசைப் போடுங்கள் என்பேன். எங்கள் ஊர் மூத்தாசாரி ஒருவர் என் பட்டறையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது இதுதான்: "மக்கா, மொதல்ல தடிய அனங்காம புடி. பொறவு வாள எடு." கையில் உளி வழுக்குவதும், அறுக்கிற வாள் கோடு மாறிப் போவதும், டிரில் பிட் ஒடிவதும் பெரும்பாலும் மரம் ஆடுவதால் வருகிறவை. மிச்சம் முனை மழுங்கியதால் வருகிறவை.

அதனால் முதல் சாமான் ஒரு கனமான பெஞ்ச். கடையில் வாங்க வேண்டாம். நம் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. இடித்த இடத்தில் அயினி, பலாக் கழுக்கோலும் (கூரையின் சாய்வுச் சட்டம்) உத்திரமும் சல்லிசாய்க் கிடைக்கும். பல வருஷம் கூரையில் காய்ந்த தடி, இனி வளையாது. வாளை வைப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கிற ஆணி ஒன்று போதும், வாளின் பல் போய்விடும். பெஞ்சின் உயரம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற அளவு இருக்கட்டும். அதில் மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு 4 இஞ்ச் வைஸ். கூடவே நாலு கிளாம்ப், இரண்டு பெரியது, இரண்டு சின்னது. நாலு அதிகம் என்று இப்போது தோன்றும். ஸ்டூலுக்குப் பசை போட்டு ஒட்டுகிற அன்றைக்கு இன்னும் நாலு இருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

டிரில் போடும்போதும் இதே கதை. மெல்லிய தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை விழுகிற வரை ஒன்றும் ஆகாது. பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கிற அந்த நொடியில் அதன் விளிம்பு தகரத்தைக் கவ்வும், தகரம் பிட்டோடு சேர்ந்து சுற்றும். விரலை அறுப்பது பிட் இல்லை, அந்தத் தகரம்தான். அடியில் ஒரு மரத்துண்டு, மேலே ஒரு கிளாம்ப், அவ்வளவுதான் வேண்டும். மரத்திலும் அடியில் துண்டு வைத்தால் பின்பக்கம் பிசிராமல் ஓட்டை விழும்.

தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. கடையில் வாங்குகிற புது உளி வேலைக்குத் தயாரான உளி இல்லை. அதன் பின்பக்கம், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கம், பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் நடுவில் குழியோ மேடோ இருக்கும். முனையிலிருந்து ஓர் அங்குலம் வரைக்குமாவது அதைக் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும். அப்புறம் சரிவுப் பக்கம். பொதுவாக 25 டிகிரியில் கடைந்திருப்பார்கள். நம் ஊர்க் காய்ந்த தடிக்கு நுனியில் மட்டும் 30 டிகிரி கொடுத்தால் முனை சீக்கிரம் உதிராது. தேய்க்கத் தேய்க்க, பின்பக்கம் விரலை முனைக்கு வெளியே தள்ளி வருடினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விட்டுப்போகாமல் தட்டுப்பட்டால்தான் முனைவரைக்கும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பிசிர் வராமல் நைஸ் கல்லுக்கு மாறுவது வீண் வேலை. கடைசியில் பின்பக்கத்தை நைஸ் கல்லில் தட்டையாக இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிர் போய்விடும். முனை வந்துவிட்டதா என்று கைமுடியில் சிரைத்துப் பார்க்க வேண்டாம். தடியின் தலைப்பக்கத்தில், நார் குறுக்காக அறுபட்டுத் தெரிகிற இடத்தில், ஒரு சீவு சீவுங்கள். பொடியாக உதிராமல் சுருளாக வந்தால் சரி.

ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நைஸ் உள்ள இரட்டைக் கல் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். எண்ணெய் விட்ட கல்லில் பிறகு தண்ணீர் விடாதீர்கள், தண்ணீர் விட்ட கல்லில் எண்ணெயும் வேண்டாம். குலசேகரத்தில் இருந்துகொண்டு இதற்கு யூட்யூப் பார்க்க வேண்டியதே இல்லை. உங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட வருகிறவரிடம் கேளுங்கள். மரத்தில் உள்தோலுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பாக்கி வைத்துப் பட்டையைச் சீவுகிறவர். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. அந்தக் கை சும்மா வந்துவிடாது, கத்தியின் முனையும் சேர்ந்துதான். ஊரிலேயே நன்றாகத் தீட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

மரத்துக்கு மரம் முனை மழுங்குகிற வேகம் வேறுபடும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. லேசாய் இழையும், ஆனால் முனையைத் தின்றுவிடும். அயினியிலும் பலாவிலும் பிசின் வாளில் ஒட்டும், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போகும். பழகுவதற்கு ரப்பர் தடி மலிவு என்று நினைப்பீர்கள், அதுவும் உங்கள் தோட்டத்திலேயே இருக்கும். பச்சையாக அறுத்துப் போட்ட ரப்பர் தடியில் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும், பிறகு வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றிக் காயவைத்த தடியாக இருந்தால் மட்டும் தொடுங்கள். பிளைவுட் வாங்கினால் அதில் அடித்திருக்கிற முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 சாதாரண வகை, ஐ.எஸ். 710 மரைன் வகை. அடுக்களைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் 710 இல்லாமல் வேண்டாம். நமக்கு ஜூனில் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசியில் துலாமழையும் உண்டு.

மழையைச் சொன்னதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஷீட் அடிக்கிற புரையில் பட்டறையா? பால் உறையப் போடுகிற ஆசிட் கேன் அங்கேதானே இருக்கும்? பார்மிக் ஆசிட்டின் ஆவி இரும்புக்கு எமன். மூடி இறுக்கமாக இருந்தாலும், தினமும் திறந்து ஊற்றுகிற இடத்தில் உளியும் வாளும் ஒரு மழைக்காலம் தாங்காது. பாலைக் கெடாமல் வைக்க அமோனியா பயன்படுத்தினால் பித்தளையும் கெடும். ஒன்று ஆசிட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பட்டறையை மாட்டுத் தொழுவத்துப் பக்கமாவது கொண்டுபோங்கள். கருவிகளை மூடியுள்ள மரப்பெட்டியில் வைத்து, உள்ளே கொஞ்சம் கற்பூரம் போட்டு வைப்பது ஆசாரிமார் வழக்கம். நானும் செய்கிறேன். துடைக்கத் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது என்று அதைத் தடவுகிறார்கள், அது நாள்பட்டால் காறிப்போய்ப் பிசுபிசுக்கும்.

இனி டிரில். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வயர் உள்ளது, பிட்டைப் பிடிக்கிற 13 மி.மீ. சக், சுவரில் இடித்து இடித்துத் துளைக்க ஹேமர் சுவிட்ச், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இவை இருக்கட்டும். பேட்டரி டிரில் ஸ்க்ரூ முடுக்க அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்குகிறவர் பேட்டரியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சில வருஷத்தில் பேட்டரி போனால் புதியது டிரில்லின் விலையில் பெரும்பகுதியைக் கேட்கும், ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. வயர் டிரில் கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டே பல வருஷம் ஓடும். எப்போதாவது எடுக்கிறவருக்கு அதுதான் லாபம்.

உங்கள் வீட்டுச் சுவர் வெட்டுக்கல்லா (செம்புரைக்கல்லா) என்று பாருங்கள். வெட்டுக்கல்லில் ஹேமர் போட்டால் 8 மி.மீ. ஓட்டை பொடிந்து புளியங்கொட்டை போகிற அளவுக்கு விரியும், ஸ்க்ரூவுக்கு வைக்கிற பிளாஸ்டிக் பிளக் நிற்காது. ஹேமரை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றவிட்டு, நீளமான பிளக் போடுங்கள். ஹேமர் கான்கிரீட்டுக்கு மட்டும். தேக்கிலோ அயினியிலோ பித்தளை ஸ்க்ரூ ஏற்றுவதானால், முதலில் சின்ன ஓட்டை, பிறகு அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, அதற்கப்புறம் பித்தளை. நேராக ஏற்றினால் தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும்.

கிரைண்டர் இப்போதைக்கு வேண்டாம் என்பேன், இருந்தும் வாங்குவீர்கள் என்று தெரியும். வாங்கினால் வட்டை மூடியிருக்கிற கார்டைக் கழற்றாதீர்கள், மரம் அறுக்கிற பல் பிளேடை அதில் மாட்டாதீர்கள். 4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பல் மரத்தில் சிக்கினால் மிஷின் உங்களை நோக்கித்தான் வரும். வட்டுகளின் நடு வளையத்தில் அதிகபட்ச வேகமும், பலவற்றில் காலாவதி மாதமும் அடித்திருக்கும். ஈரக்காற்றில் கிடந்த பழைய வட்டை, சும்மா கிடைத்தாலும் மாட்ட வேண்டாம்.

புரைக்குக் கரண்ட் எடுத்திருக்கிற வயரையும் பாருங்கள். 6 ஆம்பியர் பிளக்கில் டிரில்லும் சின்ன கிரைண்டரும் ஓடும். 2,000 வாட்டுக்கு மேற்பட்ட கட்டிங் மெஷினுக்கு 16 ஆம்பியர் வேண்டும். எர்த்தும், கரண்ட் கசிந்தால் சட்டென்று அணைக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத புரையில், ஈரத் தரையில், மிஷினைத் தொடவே வேண்டாம். தோளில் கிடக்கிற தோர்த்துத் துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு டிரில்லை எடுங்கள், லுங்கியை மடித்துக் கட்டுவதைவிட பேன்ட் நல்லது. சுற்றுகிற மிஷினுக்குக் கையுறை கூடாது, அது கையையும் சேர்த்து இழுக்கும். மரத்தூளுக்கு மாஸ்க் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அளப்பதற்கு ஒரு நல்ல டேப், ஒரு மூலைமட்டம். டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடும், பழுது என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். மாட்டி இழுத்தாலும், உள்ளே முட்டக் கொடுத்தாலும் கொக்கியின் கனத்தை ஈடுகட்டத்தான் அந்த ஆட்டம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, இஞ்சும் சென்டிமீட்டரும் வந்து எத்தனையோ காலம், ஆனாலும் இங்கே வயசான ஆசாரிமார் கோலிலும் விரலிலும் கணக்குச் சொல்வார்கள். 24 விரல் ஒரு கோல், 72 சென்டிமீட்டர். அவர்களிடம் ஜன்னலுக்குச் சொல்லும்போது குழம்பாமல் இருக்க இது தெரிந்திருக்கட்டும்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு, அப்படியே புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழ வேண்டும், விரிந்தால் வேறு எடுங்கள். மார்த்தாண்டத்துக் கடைகளில் இப்படிப் பார்க்க விடுவார்கள். திருவனந்தபுரம் போகிற வேலை இருந்தால் சாலைக் கம்போளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், வகை அதிகம்.

தாத்தாவின் உளிகளைத் தூக்கிப் போடுவதா? ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் கம்பி பிரஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் போடுங்கள். பின்பக்கம் முனையை ஒட்டி ஆழமான துருக்குழி இல்லையென்றால் அது நல்ல உளி. குழி இருந்தால் அதைத் தாண்டுகிற வரைக்கும் முனையைக் கடைந்து எடுக்கலாம், மிஷினில் கடையும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விடும். மரப்பிடி உளுத்திருந்தால் பிடி மட்டும் மாற்றினால் போதும். அப்போது உங்கள் 15,000-ல் உளிக்கு ஒரு பைசாவும் ஆகாது, 12 மி.மீ., 25 மி.மீ. இரண்டும் அதில் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்துச் சொல்லுங்கள். வைஸ், கிளாம்ப், கல், டேப், மூலைமட்டம், ஒரு கைவாள், வயர் டிரில், அவ்வளவும் வாங்கினாலும் கொஞ்சம் மிஞ்சும். மிச்சத்தில் இழைப்புளி வேண்டாம், அதற்கு நல்லதாய் ஒன்று வாங்க அடுத்த மாசம் வரை பொறுக்கலாம். ஆர்சிசிபி போடுகிற எலக்ட்ரீஷியனுக்கு அந்தக் காசு இருக்கட்டும்.