அனிகட் எண்டா என்ன, டாமும் அதுவும் ஒண்டா?

கேட்ட தம்பிக்கு முதல்ல ஒண்டு, ரெண்டும் ஒண்டில்ல. டாம் தண்ணிய மறிச்சி சேத்து வைக்கிறதுக்கு, நம்மட அம்பாறைப் பக்கம் இங்கினியாகலயில கல்லோயாவ மறிச்சி சேனாநாயக்க சமுத்திரம் கட்டினாங்களே அது டாம். அனிகட் ஆத்துக்குக் குறுக்கால பதிவாக் கட்டுற கட்டு, அது தண்ணியச் சேத்து வைக்காது, மட்டத்தக் கொஞ்சம் உசத்தி பக்கத்து வாய்க்காலுக்குள்ள திருப்பி விடும், மிச்சம் கட்டுக்கு மேலால வழிஞ்சி கீழ போயிரும். வட்டைக்குத் தண்ணி பாய்ச்சிற ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

அனிகட் எண்டுற இந்த இங்கிலீஸ் சொல் நம்மட தமிழ் அணைக்கட்டுலருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் தமிழ்நாட்டுல காவேரிக் கல்லணையப் பாத்து மலைச்சிப் போய் அதுக்கு கிராண்ட் அனிகட் எண்டு பேர் வெச்சாங்க. மறுகா ஆர்தர் காட்டன் எண்ட இங்கிலீஸ் இஞ்சினியர் 1836ல காவேரிட கிளையாறு கொள்ளிடத்துல அப்பர் அனிகட் கட்டி, 1852ல கோதாவரியில தவளேஸ்வரம் அனிகட்டையும் முடிச்ச நேரம் அது இஞ்சினியர்மார்ர சாதாரண சொல்லாயிட்டு. கட்டுற வித்தையோட சேத்துத்தான் பேரையும் எடுத்தாங்க, இத நம்மட பிள்ளைகளுக்கு கட்டாயம் சொல்லிக் குடுக்கணும்.

பாவிக்கிறது எண்டா, லண்டன்லயோ அமெரிக்காவிலயோ சொன்னா கனபேருக்கு விளங்காது, அங்க வியர் எண்டுதான் சொல்லுவாங்க. இந்தியாவிலயும் இலங்கையிலயும் நீர்ப்பாசன ரிப்போட்டு, பிளானுகள்ல அனிகட் எண்ட சொல் வழக்கமா வரும். உச்சரிக்கக்குள்ள முதல் எழுத்த அழுத்திச் சொல்லுங்க, பன்மைக்கு அனிகட்ஸ். பெரிய குளத்துக் கட்டுக்கு மட்டும் இந்தச் சொல்லப் போட்டுராதீங்க, அது பிழை.