தோளில் பட்டையா, இடுப்பில் எலாஸ்டிக்கா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 46. செங்கோட்டையில் பாத்திரக் கடை. சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு காலையில் நாலு பேர் சேர்ந்து புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, சில வாரம் தென்மலை வரைக்கும் போய் வருகிறோம். போட்டிருப்பது இடுப்பில் எலாஸ்டிக் வைத்த சாதா சைக்கிள் ஷார்ட்ஸ். குனிந்து ஓட்டினால் வயிற்றை அறுக்கிறது, ஏற்றத்தில் பின்பக்கம் இறங்கிவிடுகிறது. கூட வருகிற தம்பி, "தோளில் பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ் வாங்குங்க, அப்புறம் கழற்றவே மாட்டீங்க" என்கிறான். கழற்ற முடியாது என்பதுதான் எனக்குப் பயமே. விலையும் ஜாஸ்தி. எதை வாங்கலாம்?
– செங்கோட்டை வாசகர்

பதில்: பிப் வாங்குங்கள். உங்களையும் என்னையும் போல லேசாகத் தொப்பை வைத்தவர்களுக்குத்தான் அது முதலில் தேவை. ஒல்லிப் பையன்கள் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு, அது பந்தயக்காரர்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம்.

சாதா ஷார்ட்ஸ் இடுப்பில் நிற்க வேண்டுமானால் எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. நிமிர்ந்து நிற்கையில் அது உறைக்காது. ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்ததும் வயிறு மடிந்து எலாஸ்டிக் மேல் விழுகிறது, அதிலும் ஆனி ஆடியில் கோட்டைவாசல் பக்கமிருந்து மேற்குக் காற்று எதிரே அறையும்போது இன்னும் குனிவோம், எஸ் வளைவில் மூச்சு வாங்கி வயிறு உப்பும், எலாஸ்டிக் ஒவ்வொரு மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்கும். அறுக்கிறதே என்று கொஞ்சம் கீழே தள்ளிவிட்டால் மொத்த ஷார்ட்ஸும் இறங்கும், உள்ளே தைத்திருக்கும் பேடும் கூடவே நகரும். அது அரை அங்குலம் நகர்ந்தாலே ஓரத் தையல் தொடையிடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள், மணிக்கு 4,800 சுற்று. அத்தனை தடவையும் அந்தத் தையல் அதே தோலில் உரசும், வியர்வை உப்பு வேறு சேரும். வீட்டுக்கு வந்து குளிக்கத் தண்ணீர் ஊற்றும்போது தெரியும் சங்கதி.

பிப்பில் இடுப்பு எலாஸ்டிக்கே இல்லை. ஷார்ட்ஸை இடுப்பு தாங்கவில்லை, தோள் தாங்குகிறது. வயிற்றுப் பக்கம் வெறும் மெல்லிய வலைத்துணி, அதனால் எப்படிக் குனிந்தாலும் வெட்டாது. மழையில் நனைந்து பேட் கனத்தாலும் இடம் மாறாது. சட்டை மேலேறி, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தரிசனம் கொடுப்பதும் நின்றுவிடும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒரு ஏமாற்றம் வரும், அதற்கு மட்டும் அசந்துவிடாதீர்கள். நிமிர்ந்து நின்றால் பட்டை தோளைக் கீழே இழுக்கும், கண்ணாடியில் கூனன் மாதிரி தெரியும். சின்ன சைஸ் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சைஸை எடுத்துவிடுவோம். எடுக்காதீர்கள், அது குனிந்து ஓட்டுவதற்கென்றே வெட்டித் தைத்த துணி. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிந்து பாருங்கள், தோள் இழுப்பு போய்விட வேண்டும். குனிந்த பிறகும் இழுத்தால்தான் பெரிய சைஸ். தொடையிலும் கவட்டையிலும் துணி எங்கேயும் மடிப்பு விழாமல் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும்.

சரி, கழற்றுகிற பயத்துக்கு வருவோம். ஆண்களுக்குச் சின்ன வேலை என்றால் முன்பக்கத்தை இழுத்துக் கீழே இறக்கினால் போதும், துணி நன்றாக இழுபடும், இரண்டாவது தடவையே பழகிவிடும். பெரிய வேலை என்றால்தான் ஜெர்சியைக் கழற்றி, பட்டையை இறக்கி, அதையெல்லாம் ஈரத் தரையில் படாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு... அந்தச் சர்க்கஸை விவரிக்க வேண்டாம். வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். முந்தின நாள் ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு விடியற்காலை பிப் மாட்டுவது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று. பிப் சரிசெய்வது இடுப்பை. உட்காருகிற இடத்தைப் பார்த்துக்கொள்வது பேட்தான், பட்டை இல்லை. ஒரே விலையில் ஒரு பிப்பும் ஒரு சாதா ஷார்ட்ஸும் இருந்தால், பிப்பில் பெரும்பாலும் பேட் மட்டமாக இருக்கும்; பட்டைக்கும் வலைத்துணிக்கும் போன காசை எங்கேயாவது குறைக்கத்தானே வேண்டும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று. பேட் பஞ்சு மெத்தை மாதிரி தடிமனாக இருந்ததில் மயங்கிவிட்டேன். பாலருவி விலக்கு தாண்டுவதற்குள் அமுங்கி அப்பளமாகிவிட்டது. தடிமனைப் பார்க்காதீர்கள். உட்கார்ந்தால் சீட்டில் பதிகிற இரண்டு எலும்புகளுக்கு நேரே விரலால் அழுத்திப் பாருங்கள், அந்த இடம் மட்டும் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும், ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து தையலே கைக்குத் தட்டுப்படாமல் முடிய வேண்டும். நல்ல பிப் வாங்கக் காசு இப்போது இல்லையென்றால் மட்டமான பிப் வேண்டாம், இடுப்புப் பட்டி அகலமாக, முன்னால் கொஞ்சம் தாழ வெட்டிய நல்ல சாதா ஷார்ட்ஸ் எடுத்துக்கொண்டு தீபாவளி வரை ஓட்டுங்கள்.

கடைக்குப் போக, தினமும் முக்கால் மணி நேரம் ஓட்ட என்றால் எனக்குச் சாதாதான் பிடிக்கும், அதுவும் இரண்டாக. சாரல் காலத்தில் ஒன்றைத் துவைத்துப் போட்டால் மறுநாள் காலைக்குக் காயாது.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து ஓட்டுகிறோம். அவர் பிப் போடுகிறார், எனக்கும் வாங்கித் தருகிறேன் என்கிறார். வழியில் கழிப்பறை கிடைப்பதே பாடு, இதில் பட்டை வேறா? ஒட்டிய டவுசரோடு தென்காசி பஜாரைத் தாண்டிப் போவதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆணுக்கு அரை நிமிட வேலை, பெண்ணுக்கு ஜெர்சி முதல் எல்லாவற்றையும் கழற்றுகிற வேலை. பட்டையைக் கழற்றாமலே பின்பக்கத்தை மட்டும் இறக்குகிற மாதிரி பெண்களுக்கென்றே பிப் தைக்கிறார்கள், விலை கூடுதல். நீண்ட தூரம் போக ஆரம்பித்த பிறகு அதை யோசித்துக்கொள்ளலாம். இப்போதைக்குப் பேட் வைத்த லைனர் ஷார்ட்ஸ் ஒன்று வாங்கி, அதன் மேல் தொளதொளவென்ற டிராக் பேண்டோ முழங்கால் வரை வருகிற பேண்டோ போட்டுக்கொள்ளுங்கள். பஜாரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேலே போடுகிற பேண்டில் கவட்டைத் தையல் தடியாக இருக்கக் கூடாது, வலது கால் துணி செயினில் மாட்டாமல் ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள்.

லைனர் பெண்களுக்கானதாகவே இருக்கட்டும். உட்காரும் எலும்புகளுக்கு இடையே உள்ள அகலம் பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல், பேடின் வெட்டே வேறு. அவருடைய பழசைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு சைக்கிளே சரியில்லை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடலாமா?
– கல்லூரி மாணவர், கடையநல்லூர்

பதில்: கூடாது. தையல் இல்லாத ஒரு பரப்பு தோலில் படுவதற்குத்தான் அந்த பேடே, நடுவில் நாலு தையலோடு வியர்வை குடித்த பருத்தித் துணியை நுழைத்தால் கொடுத்த காசு வீண். நானும் முதல் தடவை மரியாதையாகப் போட்டுக்கொண்டுதான் போனேன். திங்கட்கிழமை ஆபீஸில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, புது மேனேஜருக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தார்கள்.

கேள்வி: 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டப் போகிறேன். விலை உயர்ந்த பிப் வாங்கியும் 50 கிலோமீட்டரில் முன்பக்கம் மரத்துப் போகிறது. இதைவிட நல்ல பிப் எது?
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: பிப்பை விடுங்கள், சீட்டைப் பாருங்கள். எரிச்சல், சிராய்ப்பு என்றால் துணியைச் சந்தேகப்படலாம். மரத்துப்போவது நரம்பு நசுங்குவதால். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் மட்டமாக்குங்கள், அதற்கு மேல் வேண்டுமானால் ஒரு நூல் அளவு கீழே, அவ்வளவுதான், ரொம்பத் தாழ்த்தினால் உடம்பு முன்னால் வழுக்கிக் கை வலிக்கும். சீட் உயரம் அதிகமானால் மிதிக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும், பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் பள்ளமோ துளையோ வைத்த சீட் பலருக்கு உதவுகிறது. மெத்தென்ற ஜெல் உறையை மட்டும் மாட்டிவிடாதீர்கள், எலும்பு அதில் புதைய, நடுப்பகுதி எழும்பி அந்த நரம்பையே அழுத்தும்.

200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள். கால் மணிக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று பத்திருபது மிதி மிதித்தால் நேரம் ஒன்றும் குறைந்துவிடாது. திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளினால் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம், எழுந்திருக்கவே மறந்துபோகும் நேரம் அதுதான். மரத்தது தெரிந்ததும் இறங்கி நடங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: சிராய்ப்புக்கு ஏதோ கிரீம் தடவுகிறார்களாமே, நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெய் போதாதா? துவைப்பது எப்படி?
– புளியரை வாசகர்

பதில்: முன்பெல்லாம் கம்பளி ஷார்ட்ஸில் மெல்லிய ஆட்டுத்தோலைத் தைத்திருந்தார்கள். துவைத்துக் காய்ந்தால் தோல் விறைத்துப்போகும், அதை இளக்கத்தான் கிரீம் வந்தது. 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் லைக்ரா இழையைக் கண்டுபிடித்தார்கள், கம்பளி போனது, பிறகு தோலும் போய் ஃபோம் பேட் வந்தது, கிரீம் மட்டும் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு அது தேவையே இல்லை. தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லதுதான், ஆனால் பேடில் இறங்கினால் லேசில் போகாது, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். தடவியே ஆக வேண்டுமானால் உரசுகிற இடத்தில் மட்டும், இரண்டு சொட்டு.

துவைப்பதற்குப் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள். உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசுங்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதீர்கள். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் குணம் போய்விடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் போடுங்கள். ஓட்டி முடித்ததும் கழற்றிவிட வேண்டும், ஈர ஷார்ட்ஸோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் அரட்டை அடித்தால் கட்டி வரும். பையில் ஒரு கைலியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்ள அதைவிட வசதியானது எதுவும் இல்லை.