முதியோர் இல்லம், மனநல விடுதியில் பலருக்கு ஒரே நாளில் பேதி வந்தால், எந்த பாக்டீரியா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் பார்ப்பது நேரத்தை. யார் எப்போது சாப்பிட்டார், எத்தனை மணி நேரத்தில் வயிறு கலங்கியது? ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி. சால்மோனெல்லா என்றால் 6 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகும், பெரும்பாலும் காய்ச்சலும் இருக்கும்.

2010 மே மாதம் அமெரிக்காவின் லூசியானாவில், ஓர் அரசு மனநல மருத்துவமனையில் இரவுச் சாப்பாட்டுக்கு மறுநாள் 42 உள்நோயாளிகளுக்கும் 12 ஊழியர்களுக்கும் வயிற்றுப்பிடிப்பு, பேதி. மூன்று நோயாளிகள் இறந்துபோனார்கள். எதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது என்று ஒப்பிட்டபோது சிக்கியது கோழிக்கறி. முந்தின நாளே சமைத்தது, முறைப்படி குளிரவைக்காதது. காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. இதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கும் உறங்குநிலை வடிவம், கொதியிலும் தப்பிவிடும். பெரிய பாத்திரத்தில் கறி மெதுவாக ஆறும்போது முளைத்து மளமளவென்று பெருகும்.

ஆனால் இந்தக் கிருமி நல்ல உடம்புக்காரர் குடலிலும் இருக்கும். அதனால் மலத்தில் கிருமி தென்பட்டால் மட்டும் போதாது, அதன் நச்சையே தேட வேண்டும். அங்கே 23 மாதிரிகளில் 20-இல் நச்சு இருந்தது. கோழிக்கறியிலும் அதே கிருமி. நோயாளிகள் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளால் வந்த கடும் மலச்சிக்கலால் நச்சு குடலிலேயே தங்கியதும் சாவுக்குக் காரணமாகியிருக்கலாம் என்கிறார்கள். மனம் ஆறவில்லை, மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதே இல்லை.

விடுதி நடத்துபவர்களுக்கு: இப்படிப் பேதி வந்தால் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிடாதீர்கள், பரிசோதனைக்காக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சிகிச்சையைத் தாமதிக்காமல், முடிந்தவரை ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பே மல மாதிரியை எடுத்துவிடுங்கள்.