சூப்பர்சார்ஜர் பொருத்திய டிரக்குக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர்? – கேள்வி பதில்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருந்து, அதன் வி8 எஞ்சினில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்திய நண்பர்களும், பொருத்த எண்ணியிருக்கும் நண்பர்களும் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் விசையை ஆயில் வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இவையெல்லாம் தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிகள். பந்தயத்துக்கென்றே டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்படும் வண்டிக்கு இவ்விடைகளில் பாதி பொருந்தாது.

கேள்வி: ஐயா, என்னிடம் 2005ஆம் ஆண்டு ஷெவர்லே சில்வராடோ இருக்கிறது. 5.3 லிட்டர் எஞ்சின், 4எல்60இ கியர்பாக்ஸ், 3.73 ஆக்சில் விகிதம். எஞ்சின் மேலேயே உட்காரும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரைப் பொருத்திவிட்டேன். 3,600 ஸ்டால் உள்ள கன்வெர்ட்டர்தான் சரியாக இருக்கும் என்று விற்பனையாளர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பலவும் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கன்வெர்ட்டருக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. அந்த வீச்சில் கியர்பாக்ஸ் பக்கத்து டர்பைன் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஸ்டேட்டர், டர்பைனிலிருந்து திரும்பிவரும் ஆயிலின் திசையை மாற்றி மறுபடியும் இம்பெல்லருக்கு உதவியாக அனுப்புகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகுவது இந்த ஸ்டேட்டரால்தான். டர்பைனின் வேகம் இம்பெல்லரின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும்போது அந்தப் பெருக்கம் மறைந்து, ஸ்டேட்டர் தன் ஒருவழிக் கிளட்சின்மேல் சும்மா சுற்றத் தொடங்கிவிடும்.

டர்பைனை அசையாமல் நிறுத்திவைத்து த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் எஞ்சின் எந்தச் சுழல்வேகத்துக்குமேல் (ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஏற முடியாமல் நிற்கிறதோ, அதுவே ஸ்டால் வேகம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: ஸ்டால் என்பது கன்வெர்ட்டருக்கு மட்டும் உரிய எண் அன்று. கன்வெர்ட்டர் விழுங்கும் முறுக்குவிசை சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எஞ்சின் தரும் முறுக்குவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஸ்டால் உயரும். 350 பவுண்டு-அடி (முறுக்குவிசையின் அலகு) தரும் சாதாரண எஞ்சினின் பின்னால் 3,600 காட்டும் கன்வெர்ட்டர், அந்த வேக வட்டாரத்தில் 500 பவுண்டு-அடி தரும் உங்கள் எஞ்சினின் பின்னால் ஏறத்தாழ 4,300 காட்டும். ஆகவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த 3,600 எந்த எஞ்சினுக்கு, எத்தனை பவுண்டு-அடிக்கு என்பதைத்தான். அதற்கு விடை சொல்லத் தெரியாதவரிடம் கன்வெர்ட்டர் வாங்காதீர்கள்.

அடுத்தது உங்கள் சூப்பர்சார்ஜரின் குணம். ரூட்ஸ் வகையும் டுவின்-ஸ்குரூ வகையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத் தள்ளுபவை. அதனால் 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டியதுமே உங்கள் எஞ்சினில் பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) தாராளமாக இருக்கும். பலமில்லாத கீழ்வேகப் பகுதியைத் தாண்டி எஞ்சினை அதன் பலமான பகுதிக்குக் கொண்டுபோவதற்காகத்தான் உயர்ந்த ஸ்டால் தேவைப்படுகிறது. உங்கள் எஞ்சினுக்கோ அப்படிப் பலமில்லாத பகுதியே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 4எல்60இ-யின் முதல் கியர் 3.06, ஆக்சில் 3.73, இரண்டையும் பெருக்கினால் 11.4. அதன்மேல் கன்வெர்ட்டரின் இரண்டு மடங்கு சேர்ந்தால் 22.8. 400 பவுண்டு-அடி முறுக்குவிசை பின் ஆக்சிலில் 9,000-க்கும் மேலாகிறது. காலிப் பெட்டியோடு ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் எவ்வளவு இலேசானது என்பது மழைநாளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சிக்னலில் டயர் புகைவதைத் தவிர வேறு பயன் இராது.

சொந்தக் கதை ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே எஞ்சினுக்கு 3,800 என்று விற்கப்பட்ட ஒன்றை வாங்கி மாட்டினேன். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கார்களின் வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கையில், பத்தடி நகர்வதற்குக்கூட எஞ்சின் 2,200-க்கு உறுமிவிட்டுத்தான் வண்டி அசையும். முன்னால் நின்ற காரில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இருபது நிமிடத்தில் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பம் 115 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி 2,600 ஸ்டால் உள்ள ஒன்றைப் போட்டேன். கால் மைல் ஓட்டத்தில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நான் இழக்கவில்லை.

உங்கள் வண்டிக்கு, சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினின் முறுக்குவிசையை வைத்துக் கணக்கிட்ட 2,400 முதல் 2,800 வரையிலான ஸ்டால் போதும்.

கேள்வி: என் 2500எச்டி டிரக்கில் 6.0 லிட்டர் எஞ்சினும் 4எல்80இ கியர்பாக்ஸும் உள்ளன. பெல்ட்டில் ஓடும் சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் வாங்கியிருக்கிறேன். எனக்கும் அதே எண்தானா?

பதில்: இல்லை. புரோசார்ஜர், வோர்டெக் போன்ற சென்ட்ரிஃபியூகல் வகையில் பூஸ்ட் சுழல்வேகத்தின் வர்க்கத்தையொட்டி ஏறுகிறது. எஞ்சின் தன் உச்ச வேகத்தில் பாதியில் இருக்கும்போது கிடைப்பது உச்ச பூஸ்ட்டில் கால் பங்குதான். ஆகவே கீழ்வேகத்தில் உங்கள் எஞ்சின் இன்னும் சாதாரண 6.0 லிட்டர் எஞ்சினே. அதோடு 4எல்80இ-யின் முதல் கியர் 2.48 மட்டுமே என்பதால், கிளம்பும்போது உங்களுக்குக் கிடைக்கும் பெருக்கமும் குறைவு. 3,000-த்தை ஒட்டிய ஸ்டால் இங்கே நியாயமானது. சுமை இழுக்கும் வண்டியாக இருந்தால் அதிலிருந்து 300, 400 குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2,800 ஸ்டால் என்று சொல்லி விற்ற கன்வெர்ட்டரை மாட்டினேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் 2,200-லேயே பின்சக்கரம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அநேகமாக இல்லை. நீங்கள் அளந்தது உங்கள் பின் பிரேக்கின் பலத்தை. சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினின் முறுக்குவிசையை முதல் கியரில் பின் பிரேக்கால் பிடித்துவைக்க முடியாது. பிரேக்கைப் பிடித்தபடி அளக்கும் பிரேக் ஸ்டால் வேறு, நின்ற வண்டியில் த்ராட்டிலைச் சட்டென்று முழுக்கத் திறந்து அளக்கும் ஃபிளாஷ் ஸ்டால் வேறு. ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த, நேரான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரே மூச்சில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஆர்பிஎம் பதிவை எடுத்துப் பாருங்கள்: முள் விருட்டென்று ஏறி, ஓரிடத்தில் தயங்கி, பிறகு வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல ஏறும். அந்தத் தயக்கம் எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஸ்டால். டயர் வழுக்கினால் அந்தப் பதிவு செல்லாது. எப்படிச் சோதித்தாலும், பிரேக்கைப் பிடித்தபடி ஐந்து நொடிக்குமேல் அழுத்தாதீர்கள். அந்நேரத்தில் எஞ்சினின் ஆற்றல் முழுவதும் ஆயிலைச் சூடாக்குவதற்கே போகிறது.

கேள்வி: என்னுடையது 2002ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜரோடு வந்த வண்டி. எந்த மாற்றமும் செய்யவில்லை. கன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: 5.4 லிட்டர் எஞ்சின், அதன்மேல் ஈட்டன் நிறுவனத்தின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், 380 குதிரைத்திறன், 450 பவுண்டு-அடி. இவ்வளவையும் 4ஆர்100 கியர்பாக்ஸ் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், ஃபோர்டின் 7.3 லிட்டர் டீசல் டிரக்குகளுக்குப் பின்னாலும் உழைத்த கியர்பாக்ஸ் அது. 2001 முதல் ஆக்சில் விகிதத்தையும் 3.55-லிருந்து 3.73 ஆக்கிவிட்டார்கள். கை வைக்க வேண்டாம். சூப்பர்சார்ஜருக்குச் சிறிய புல்லி போட்டு பூஸ்ட்டைக் கூட்டும் நாளில் மறுபடி யோசிக்கலாம். அப்போதும் ஸ்டாலைச் சிறிதளவு உயர்த்தினால் போதும். பணத்தை லாக்-அப் கிளட்ச் (இம்பெல்லரையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டும் கிளட்ச்) வலுவாக உள்ள கன்வெர்ட்டருக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்கள் ஒரே ஸ்டால் எண்ணைச் சொல்கின்றன, விலையோ மூன்று மடங்கு வித்தியாசம். எதற்காக அந்தப் பணம்?

பதில்: வெளியே தெரியாத வேலைகளுக்காக. உலையில் வைத்து பித்தளையால் பற்றவைத்த இறக்கைகள், வாஷருக்குப் பதிலாக உருளைத் த்ரஸ்ட் பேரிங், வலுவான ஒருவழிக் கிளட்ச், அழுத்தத்தால் உடல் பலூன்போல உப்பாமல் இருக்க வைக்கும் தடித்த தகடு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விட்டமும் ஒரு காரணம். ஒரே வடிவமைப்பில், விழுங்கும் முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு ஏற்ப மாறுகிறது. 12 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்கு இறங்கினால் அதே வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் அது விழுங்கும். நல்ல தயாரிப்பாளர் சிறிய உடலை எடுத்து, அதற்கேற்ற ஸ்டேட்டரைத் தேர்ந்து ஸ்டாலை அமைப்பார். மலிவான வேலையில், பழைய பெரிய உடலின் இறக்கைகளை வளைத்துவிட்டு, அதற்கு ஒரு புதிய எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். எண் கிடைக்கும்; திறன் போய்விடும், சூடு மிஞ்சும்.

கேள்வி: தினமும் நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் போகிறேன். ஸ்டாலை உயர்த்தினால் பெட்ரோல் செலவு எவ்வளவு கூடும்?

பதில்: லாக்-அப் கிளட்ச் பிடித்திருக்கும்வரை ஏறக்குறைய ஒன்றும் கூடாது. அது பிடித்தபின் இம்பெல்லரும் டர்பைனும் ஒன்றாகச் சுற்றுவதால் ஸ்டால் எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. 3.73 ஆக்சில், 0.70 ஓவர்டிரைவ் (உச்ச கியர்), 30 அங்குல டயர் என்றால் எழுபது மைல் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2,050 ஆர்பிஎம்மில் ஓடும். இந்த எண்ணைக் கவனியுங்கள்: உங்கள் ஸ்டால் இதற்கு மிகவும் மேலே இருந்தால், மேட்டில் லாக்-அப் விடுபடும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் குதித்தெழும், ஆயிலும் சூடாகும்.

4எல்60இ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1990களின் நடுவிலிருந்து வந்தவற்றில், அதிர்வு தெரியாமல் இருப்பதற்காகக் கணினி லாக்-அப்பைச் சிறிது சிறிதாக அழுத்தம் கொடுத்துப் பிடிக்கவைக்கிறது. அந்த மென்மையை மாற்றாமல் புதிய கன்வெர்ட்டரை ஓட்டினால், அதன் கிளட்ச் வழுக்கி வழுக்கியே தேய்ந்துவிடும். ட்யூனிங் செய்பவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். ஒற்றைத் தகடு கிளட்ச் உள்ள கன்வெர்ட்டரை முழு பூஸ்ட்டில் லாக் செய்யவும் கூடாது. அந்த ஆசை இருப்பவர்கள் பல தகடு உள்ளதை வாங்க வேண்டும்.

கேள்வி: கோடையில் படகை இழுத்துச் செல்வேன். கூலர் கட்டாயமா?

பதில்: கட்டாயம். கன்வெர்ட்டருக்குமுன் கூலரையும் வெப்பமானியையும் வாங்குங்கள். ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பதினோரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது இத்தொழிலில் உள்ள பழைய கணக்கு. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் துண்டிக்காமல், அதற்கு அடுத்தபடியாகத் தகடு வகைக் கூலர் ஒன்றைக் காற்று படும் இடத்தில் பொருத்துங்கள். படகோடு மேடு ஏறும்போது ஓவர்டிரைவை விட்டு மூன்றாம் கியரில் லாக்-அப்போடு செல்லுங்கள்.

கேள்வி: நானே வீட்டு கராஜில் மாட்டப்போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: மாட்டுவதற்குமுன் கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். பிறகு கியர்பாக்ஸின் உள்ளே தள்ளித் திருப்பும்போது அது படிப்படியாக உள்வாங்க வேண்டும்: டர்பைன் பல்லில் ஒன்று, ஸ்டேட்டர் பல்லில் ஒன்று, கடைசியாக ஆயில் பம்ப்பில் ஒன்று. அந்த மூன்றாவது ‘டொக்’ கைக்குத் தெரியும்வரை விடாதீர்கள். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்து போல்ட் முடுக்கியபின், கன்வெர்ட்டர் கையால் எளிதாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் தகடு) இடையே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை முடுக்கி இரண்டையும் சேர்த்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே ஆயில் பம்ப் உடையும், அல்லது கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்து எஞ்சினும் போகும். இடைவெளி அளவுக்கு அதிகமாக இருந்தால் கணக்காக வாஷர் போட்டுக் குறைக்கலாம்.

கேள்வி: என் கியர்பாக்ஸில் கிளட்ச் எரிந்துவிட்டது. கன்வெர்ட்டர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. கழுவித் திரும்பப் போடலாமா?

பதில்: அப்படியே கழுவிப் போட முடியாது. எரிந்த கிளட்சின் துகளும் உலோகப் பொடியும் அதற்குள் தங்கியிருக்கும். வெட்டித் திறக்காமல் முழுக்க வெளியே எடுக்க வழியில்லை. செய்தவர்களிடமே அனுப்பினால் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி வெல்டிங் செய்து தருவார்கள். புதியதைவிடச் செலவு குறைவு. பழைய கூலரை மட்டும் திரும்பப் போடாதீர்கள்.